கிளிக் டார்க் ரெஞ்சா, டிஜிட்டலா? வீட்டில் வண்டி வேலை பார்ப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

போல்ட்டை எவ்வளவு திருகு விசையோடு (அதுதான் டார்க்) முடுக்குகிறோம் என்பதை அளக்கும் ஸ்பேனர்தான் டார்க் ரெஞ்ச். வைத்த அளவு வந்ததும் கிளிக் வகை "டக்" என்று சொல்லும், டிஜிட்டல் வகை திரையில் எண்ணாகக் காட்டும். இதை வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "கிளிக் நல்லதா, டிஜிட்டல் நல்லதா" என்றுதான். உண்மையில் இது கடைசியாக வர வேண்டிய கேள்வி. எந்த போல்ட்டை முடுக்கப் போகிறோம், அதற்கு எவ்வளவு டார்க், எந்த அலகு, எந்த ரேஞ்ச் என்பதெல்லாம் முடிவான பிறகு பார்த்தால் பாதிப் பேருக்குப் பதில் தானாகவே வந்துவிடும். ரெஞ்சை முதலில் வாங்கிவிட்டு வேலையை அப்புறம் தேடியவர்கள்தான் கார் வீலுக்கான பெரிய ரெஞ்சை வைத்து பைக்கின் டிரெயின் போல்ட்டை (இன்ஜின் ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) முடுக்கி, மரை போய், லேத் பட்டறைக்கு அலைகிறார்கள்.

இதை வீட்டு வாசலில் ஒரு பைக்கோ ஸ்கூட்டரோ காரோ வைத்துக்கொண்டு ஆயில், பிளக், பிரேக் பேட் மாற்றுவது, வீல் கழற்றிப் பூட்டுவது வரை தாங்களே செய்துகொள்பவர்களுக்காக எழுதுகிறேன். இன்ஜினைப் பிரிப்பவர்களின் தேவை கொஞ்சம் வேறு, அதையும் வழியில் தொட்டுப் போகிறேன்.

1. முதலில் போல்ட் பட்டியல்

ஒரு தாளை எடுத்து, அடுத்த ஒரு வருடத்தில் நீங்கள் கை வைக்கப்போகும் நட்டு போல்ட்டுகளை மட்டும் எழுதுங்கள். வண்டியோடு வரும் கையேட்டில் நாலைந்து அளவுதான் இருக்கும், சர்வீஸ் மேனுவலில் எல்லாமே இருக்கும். உங்கள் மாடல், வருடம் இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள், ஒரே பெயரில் வரும் வண்டிக்கே வருடத்துக்கு வருடம் அளவு மாறியிருக்கும்.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும் என்றால், பட்டியலை எழுதி முடித்ததுமே அளவுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். பைக்கில் கவர் போல்ட்டுகள் 10 நியூட்டன் மீட்டர் பக்கம் (இனி நி.மீ. என்றே எழுதுகிறேன்). 10 மி.மீ. மரை உள்ள ஸ்பார்க் பிளக் 10 முதல் 12, 12 மி.மீ. பிளக் 15 முதல் 20. சிறிய பைக்குகள் பலவற்றில் ஆயில் டிரெயின் போல்ட் 24 நி.மீ. பக்கம். இது ஒரு கூட்டம். கார் வீல் நட்டு இன்னொரு கூட்டம்: டொயோட்டாவில் பெரும்பாலும் 103, ஹோண்டா கார்களில் 108, ஃபோக்ஸ்வேகன் போலோவில் 120 நி.மீ. கார் டிரெயின் போல்ட், பிரேக் காலிப்பர் போல்ட், பைக்கின் ஆக்சில் நட்டு எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது வரும்.

மேனுவலே கிடைக்கவில்லை என்றால் 8.8 என்று (அது போல்ட்டின் வலிமைத் தரம்) தலையில் எழுதிய போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு உண்டு: எம்6-க்கு (6 மி.மீ. மரை உள்ள போல்ட்) 10, எம்8-க்கு 25, எம்10-க்கு 50, எம்12-க்கு 85 நி.மீ. அளவில். ஆனால் இது இரும்பில் இறங்கும் இரும்பு போல்ட்டுக்கு. இன்ஜினின் அலுமினிய உடம்பில் இறங்கும் போல்ட்டுக்கு இதைப் போட்டுப் பார்க்காதீர்கள். அங்கே பெரும்பாலும் போல்ட் உடையும் முன்பே அலுமினிய மரை உரிந்து வரும்.

2. அலகை ஒன்றாக்குங்கள்

பட்டியலில் இருக்கிற எல்லாவற்றையும் நி.மீ.க்கு மாற்றி எழுதுங்கள். பழைய மேனுவல்களில் கேஜி-மீட்டர் இருக்கும், அமெரிக்கர்களின் வீடியோவில் அடி-பவுண்டு சொல்வார்கள், சைக்கிள் பாகங்களில் இன்ச்-பவுண்டும் வரும். 1 கேஜி-மீட்டர் என்றால் 9.8 நி.மீ., 1 அடி-பவுண்டு என்றால் 1.356 நி.மீ., 1 நி.மீ. என்றால் 8.85 இன்ச்-பவுண்டு.

புதிதாக வருபவர்கள் அதிகம் இடறி விழும் இடம் இதுதான். கிளிக் ரெஞ்சின் உடம்பில் ஒரு பக்கம் நி.மீ., திருப்பினால் அடி-பவுண்டு. 24 நி.மீ. போட வேண்டிய டிரெயின் போல்ட்டுக்கு அடி-பவுண்டு பக்கத்தில் 24 வைத்தால் விழுவது 32.5 நி.மீ. ஒரே தடவையில் எதுவும் ஆகாமல் போகலாம், ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதே நடந்தால் நாலாவது ஐந்தாவது தடவை மரை கையோடு வந்துவிடும். உங்களுக்கு வேண்டாத பக்கத்தை ஒரு துண்டு டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள், சின்ன வேலைதான். டிஜிட்டலில் பட்டனைத் தெரியாமல் அமுக்கி அலகு மாறிவிடும், எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தை ஒவ்வொரு தடவையும் பார்த்தாக வேண்டும்.

3. ரேஞ்சும் டிரைவ் அளவும்

இனி ரெஞ்சின் அளவு. சாக்கெட் மாட்டும் சதுர முனை 1/4, 3/8, 1/2 இன்ச் என மூன்று அளவில் வரும். கிளிக் வகையில் 1/4 இன்ச் பெரும்பாலும் 5 முதல் 25 நி.மீ. வரை, 3/8 இன்ச் 10 முதல் 60 என்றோ 20 முதல் 110 என்றோ, 1/2 இன்ச் 40 முதல் 200 அல்லது 210 வரை கிடைக்கும்.

உச்ச அளவைப் பார்த்து மயங்க வேண்டாம், அடி எங்கே என்று பாருங்கள். கிளிக் ரெஞ்சுக்குச் சொல்லப்படும் துல்லியம் வழக்கமாக உச்ச அளவில் 20 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரைக்கும்தான். 210 நி.மீ. ரெஞ்ச் என்றால் 42-க்குக் கீழே அது சொல்வதை நம்ப முடியாது, அளவுக் கோட்டில் 28 என்று அச்சிட்டிருந்தாலும் சரி. உங்கள் பட்டியலில் அடிக்கடி வரும் அளவு ரெஞ்சின் நடுப்பகுதியில் விழுகிற மாதிரி தேர்ந்தெடுங்கள்.

அப்படிப் பார்த்தால் பைக்கும் காரும் இரண்டும் வைத்திருப்பவருக்கு ஒரே ரெஞ்ச் போதாது என்பது இங்கேயே தெரிந்துவிடும். கடையில் "எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும் சார்" என்பார்கள். 10 நி.மீ. பிளக்கையும் 108 நி.மீ. வீல் நட்டையும் ஒரே ரெஞ்சில் சரியாகப் போட முடியாது.

4. உள்ளே என்ன நடக்கிறது

இது தெரிந்தால் பின்னால் வரும் பாதி விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கிளிக் ரெஞ்சின் குழாய்க்குள் தடிமனான காயில் ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. கைப்பிடியைத் திருகத் திருக அது அழுந்துகிறது. ஸ்பிரிங்கின் முனையில் ஒரு சின்னச் சதுரக் கட்டை, ரெஞ்சின் தலையிலிருந்து குழாய்க்குள் நீளும் நெம்புகோலின் வாலைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. நீங்கள் இழுக்கும் விசை ஸ்பிரிங்கை மீறும் நொடியில் கட்டை சாய்கிறது, நெம்புகோலின் வால் குழாயின் உள்சுவரில் போய்த் தட்டுகிறது. அந்தத் தட்டல்தான் "டக்". அப்போது கைக்குச் சில டிகிரி இடம் கொடுத்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான், ரெஞ்ச் உங்களை நிறுத்தாது. சத்தம் வந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால் அது சாதாரண நீளக் கம்பி, போல்ட் இன்னும் இறுகிக்கொண்டே போகும்.

டிஜிட்டலில் ஸ்பிரிங் கிடையாது. தலைக்குப் பக்கத்தில் உள்ள தண்டின் மேல் ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய உலோகப் படலம் ஒட்டியிருக்கும். தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும்போது படலத்தின் மின்தடை மாறும், அதை எண்ணாக்கித் திரையில் காட்டுகிறார்கள். எனவே அதற்கு பேட்டரி வேண்டும், சுமை இல்லாத நிலை எது என்று ஒவ்வொரு முறையும் சொல்லித் தர வேண்டும். பதிலுக்கு, நீங்கள் உண்மையில் எவ்வளவு போட்டீர்கள் என்பதை அது காட்டும். 24 வைத்து 26.1 வரை இழுத்துவிட்டால் திரையில் 26.1 என்றே நிற்கும். கிளிக் ரெஞ்சால் இதைச் சொல்லவே முடியாது.

துல்லியத்தைப் பற்றி ஒன்று. கைக்கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 6789 தரம், உச்ச அளவு 10 நி.மீ.க்கு மேல் போகும் ரெஞ்சுகளுக்கு ±4% பிழையை அனுமதிக்கிறது, கிளிக்குக்கும் டிஜிட்டலுக்கும் அதே வரம்புதான். டிஜிட்டல் பெட்டிகளில் ±2% என்றும் ±1% என்றும் போட்டிருப்பார்கள். அது காட்டும் அளவில் 2 சதவீதமா, உச்ச அளவில் 2 சதவீதமா என்று பாருங்கள். 200 நி.மீ. ரெஞ்சில் உச்ச அளவின் 2% என்றால் 4 நி.மீ., நீங்கள் 20 நி.மீ. போடும்போது அது 20 சதவீதப் பிழை. திரையில் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் தெரிவதால் துல்லியம் கூடிவிடாது.

5. இப்போது முடிவு எடுக்கலாம்

வீல் நட்டு, கார் டிரெயின் போல்ட், காலிப்பர் போல்ட்தான் வேலை என்றால் கிளிக் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். 80, 100 நி.மீ. அளவில் கிளிக் சத்தமும் கையில் வரும் உதறலும் தவறவே தவறாது. மழையில் நனைந்த ரோட்டோரத்தில் ஸ்டெப்னி மாற்றும்போது பேட்டரி இருக்கிறதா என்ற கவலையும் இல்லை.

சின்ன அளவுகளில் நிலைமை தலைகீழ். 10 நி.மீ. போடும்போது, பெரிய கிளிக் ரெஞ்ச் என்றால் அதன் "டக்" உங்கள் விரலுக்கே சரியாக எட்டாது, பக்கத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தால் போச்சு. புதியவர்கள் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே இழுத்து எம்6 போல்ட்டை முறித்துவிடுவது இப்படித்தான். இங்கே 1/4 அல்லது 3/8 இன்ச் டிஜிட்டலுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை: எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இழுக்கலாம், எண் ஏறாமல் போல்ட் மட்டும் சுற்றினால் மரை போகிறது என்று உடனே தெரிந்து கையை எடுத்துவிடலாம். கார்பன் ஹேண்டில்பார் உள்ள சைக்கிளில் 5 நி.மீ. பக்கம் போட வேண்டியவர்களுக்கும் இதையே சொல்வேன். டிஜிட்டலுக்கு காசு இல்லை என்றால் 5 முதல் 25 வரை போகும் சின்ன கிளிக் ரெஞ்ச் வாங்குங்கள், அதன் ஸ்பிரிங் அந்த அளவுக்கென்றே செய்தது என்பதால் சத்தம் தெளிவாகவே கேட்கும்.

என் கணக்கு இதுதான்: பெரிய அளவுக்கு கிளிக், சின்ன அளவுக்கு டிஜிட்டல். நிறையப் பேர் இதை மாற்றிச் செய்கிறார்கள், 1/2 இன்ச்சில் விலையுயர்ந்த டிஜிட்டலை வாங்கி வீல் நட்டுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, பிளக்கையும் டிரெயின் போல்ட்டையும் கை டைட்டில் விடுகிறார்கள். அலுமினிய மரை போவதும் போல்ட் முறிவதும் அதிகமாக அந்தச் சின்ன அளவில்தான்.

டிஜிட்டலையே எடுக்க வேண்டிய வேறு சில சந்தர்ப்பங்களும் உண்டு. முதலாவது, கோணம். சிலிண்டர் ஹெட் போல்ட் மாதிரியான இடங்களில் "40 நி.மீ., பிறகு 90 டிகிரி, பிறகு இன்னொரு 90 டிகிரி" என்று மேனுவல் சொல்லும், கோணம் அளக்கும் வசதி உள்ள டிஜிட்டல் அதைத் தானே எண்ணிக் காட்டும். எப்போதோ ஒரு முறைதான் என்றால் கிளிக் ரெஞ்சோடு தனியாக ஒரு கோண அளவி வாங்கினால் போதும். அடுத்தது, காது சரியாகக் கேட்காதவர்களும் சத்தமான இடத்தில் வேலை செய்பவர்களும்: விளக்கு எரிவதும் கைப்பிடி அதிர்வதும் பெரிய உதவி.

டிஜிட்டல் காலை வாரும் இடமும் உண்டு. தலை தடிமனாக இருப்பதால் இடுக்குகளுக்குள் நுழையாது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இழுக்கும்போது திரை மறுபக்கம் திரும்பி நிற்கும், பீப் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டும். ராட்செட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டும் டிஜிட்டல் அடாப்டர் என்று ஒரு கட்டை விலை குறைவாகக் கிடைக்கிறது, எப்போதாவது வேலை செய்பவருக்கு அதுவும் ஆகும். ஆனால் அதுவும் போல்ட்டின் மேல் இரண்டு மூன்று இன்ச் உயரம் கேட்கும் என்பதை அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

6. கடையில் பார்க்க வேண்டியவை

பெட்டிக்குள் அந்த ரெஞ்சின் வரிசை எண்ணோடு கூடிய அளவுச் சான்றிதழ் இருக்க வேண்டும். எண் இல்லாத, எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக அச்சடித்த தாள் சான்றிதழ் ஆகாது.

கிளிக் என்றால் கைப்பிடியைக் கீழிருந்து மேல்வரை திருகிப் பாருங்கள், எங்கும் சிக்கக் கூடாது. பூட்டு நட்டைப் போட்ட பிறகு கைப்பிடி நகரக் கூடாது. அளவுக் கோடுகள் பொறித்தவையா, வெறும் பெயின்ட்டா என்று நகத்தால் தடவிப் பாருங்கள், பெயின்ட் என்றால் பெட்ரோல் துணி பட்டு ஒரு வருடத்தில் அழிந்துவிடும். டிஜிட்டல் என்றால் பேட்டரி எந்த வகை என்று கேளுங்கள். பெட்டிக்கடையிலும் கிடைக்கும் டபுள்-ஏ, டிரிபிள்-ஏ இருந்தால் நல்லது.

கடிகாரச் சுற்றில் மட்டும் அளக்குமா, இரு பக்கமுமா என்பதையும் கேளுங்கள். ராட்செட் இரண்டு பக்கமும் திரும்புகிறது என்பதற்காக இரண்டு பக்கமும் அளக்கிறது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலான கிளிக் ரெஞ்சுகள் ஒரு திசையில்தான் அளக்கும். இடது மரை போல்ட் (எதிர்ப்பக்கமாகத் திருகினால் முடுங்குவது) உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்காமல் வாங்கிவிட்டுப் பிறகு விழிக்கிறார்கள்.

7. ரெஞ்சைத் தொடும் முன் போல்ட்டைத் தயார் செய்யுங்கள்

நாம் போடும் டார்க்கில் ஏறக்குறைய 90 சதவீதம் உராய்வுக்கே போய்விடுகிறது. பாதி போல்ட் தலைக்கு அடியிலும், மிச்சம் மரையிலும். போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் வேலைக்கு மிஞ்சுவது 10 சதவீதம் அளவுதான். அதனால்தான் மரையில் துருவோ மண்ணோ இருந்தால் ரெஞ்ச் சரியாக "டக்" சொன்னாலும் நட்டு தளர்வாகவே இருக்கும். மரையில் ஆயில் பட்டிருந்தால் அதே எண்ணுக்குப் போல்ட் மிக அதிகமாக இழுபடும்.

ஆகவே கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துணியால் துடைத்து, நட்டு விரலாலேயே கடைசி வரை போகிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால் அங்கே ரெஞ்ச் போட வேண்டாம், மரையைச் சரி செய்யுங்கள். மேனுவல் "ஆயில் போட்டு" என்று சொல்லும் இடத்தில் மட்டும் போடுங்கள், சொல்லாத இடத்தில் உலர்ந்தே இருக்கட்டும். வீல் ஸ்டட்டில் (வீல் நட்டு ஏறும் மரைக் கம்பி) கிரீஸ் தடவுவது நம் ஊரில் பரவலான பழக்கம். துருப்பிடிக்காது என்பது உண்மைதான், ஆனால் உலர்ந்த மரைக்குச் சொன்ன 103-ஐ கிரீஸ் மரையில் போட்டால் ஸ்டட் தேவைக்கு மேல் நீளும்.

டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். நசுங்கிய பழைய வாஷரோடு முடுக்கினால் சரியான டார்க்கிலும் ஆயில் கசியும், கசிகிறதே என்று இன்னும் கொஞ்சம் முடுக்குவீர்கள், மரை அங்கேதான் போகும்.

8. கிளிக் ரெஞ்சில் வேலை செய்யும் வரிசை

முதலில், கழற்றும் வேலைக்கு இதை எடுக்காதீர்கள். இறுகிப் போன நட்டைக் கழற்ற வரும் விசை ரெஞ்சின் உச்ச அளவைத் தாண்டிவிடும். கழற்ற எல்-ஸ்பேனரோ நீளக் கம்பியோ இருக்கட்டும்.

பூட்டைத் தளர்த்தி, அளவைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள். தாண்டிப் போய்விட்டால் நன்றாகக் கீழே இறக்கி மறுபடி ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் மரையில் உள்ள சின்ன ஆட்டம் அளவில் சேர்ந்துகொள்ளும். கைப்பிடியின் ஒரு முழுச் சுற்று எத்தனை நி.மீ. என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 10 என்றால் 103 என்பது 100 கோடும் அதோடு 3-உம், சிலவற்றில் ஒரு சுற்று 14, அப்போது 98 கோடும் அதோடு 5-உம். இந்தக் கூட்டலைத் தவறாகப் போட்டு ஒரு முழுச் சுற்று அதிகம் வைத்துவிடுவது சகஜம். பூட்டிய பிறகு இன்னொரு முறை படியுங்கள்.

பல நாள் சும்மா கிடந்த ரெஞ்ச் என்றால் உள்ளே கிரீஸ் ஒதுங்கியிருக்கும். ஏற்கெனவே நன்றாக முடுக்கிய வீல் நட்டு ஒன்றில் 60 நி.மீ. வைத்து நாலைந்து தடவை கிளிக் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நட்டு நகராது, ரெஞ்ச் மட்டும் பதப்படும்.

நட்டுகளை விரலால் ஓட்டி, சாதாரண ஸ்பேனரால் லேசாக உட்கார வைத்து, பிறகு டார்க் ரெஞ்சைப் போடுங்கள். கைப்பிடியின் நடுவில், கோடு போட்டிருந்தால் அந்தக் கோட்டில், ஒரே கையால் பிடியுங்கள். தலைப் பக்கமாகத் தள்ளிப் பிடித்தால் கிளிக் தாமதமாக வரும், போல்ட்டில் அதிக டார்க் விழும். ஸ்பிரிங் உணர்வது உள்ளே இருக்கும் மூட்டில் விழும் விசையை, அந்த மூட்டு சாக்கெட்டுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் தள்ளி இருப்பதுதான் காரணம். கைப்பிடியில் பைப் சொருகி நீளம் கூட்டுவதும் இதே காரணத்தால் கூடாது, அப்போது டார்க் குறைவாக விழும்.

ஒரே சீராக இழுங்கள், வெட்டி வெட்டி இழுக்காதீர்கள். முதல் "டக்" வந்ததும் நிறுத்துங்கள். "டக் டக்" என்று இரண்டு தடவை அடித்து உறுதி செய்துகொள்ளும் பழக்கம் பழைய மெக்கானிக்குகளிடமும் உண்டு, இரண்டாவது தட்டில் நட்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்துவிடும்.

தொட்டவுடன் "டக்" வந்தால் அது எதையும் சொல்லவில்லை. நட்டு அந்த அளவிலும் இருக்கலாம், அதற்கு மேலும் எங்கோ இருக்கலாம். ஏர் கன்னில் முடுக்கிக் கொடுத்த வீலை வீட்டில் வந்து டார்க் ரெஞ்ச் வைத்து "சரியாத்தான் இருக்கு" என்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு நட்டாகக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி முடுக்கினால்தான் அளவு தெரியும்.

வீல் என்றால் ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் வரைவது மாதிரி ஒன்று விட்டு ஒன்றாக. முதல் சுற்றில் பாதி அளவு, இரண்டாவது சுற்றில் முழு அளவு. ஒரு பக்கமாகவே முழுதாக முடுக்கிக்கொண்டு போனால் வீல் சாய்ந்து உட்காரும், கடைசி நட்டை முடுக்கும்போது முதல் நட்டு தளர்ந்திருக்கும். வண்டி ஓடி 50, 100 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை அதே அளவில் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், இங்கே பார்ப்பது ஏதாவது நட்டு தளர்ந்திருக்கிறதா என்பதை மட்டும்.

9. டிஜிட்டல் என்றால்

ரெஞ்சை மேசையிலோ தரையிலோ படுக்க வைத்து, கையை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். திரையில் சுழி (0) வரும் வரை தொடாதீர்கள். கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டோ, நட்டில் மாட்டித் தொங்கவிட்டோ ஆன் செய்தால் அந்தச் சுமையையே அது சுழி என்று எடுத்துக்கொள்ளும், பிறகு வரும் ஒவ்வொரு எண்ணும் அந்த அளவு தப்பாக இருக்கும். இரண்டு நட்டுக்கு நடுவில் டீ குடிக்கப் போய்விட்டு வந்தால் ரெஞ்ச் தானாக அணைந்திருக்கும். அப்போதும் கழற்றி, படுக்க வைத்துத்தான் ஆன் செய்ய வேண்டும்.

உச்ச எண்ணைப் பிடித்து வைக்கும் முறையில் வையுங்கள். மற்ற முறையில் கை எடுத்ததும் எண் சுழிக்கு விழுந்துவிடும், எவ்வளவு போட்டீர்கள் என்று தெரியாது.

அடுத்தது பீப். பல ரெஞ்சுகளில் இலக்கின் 80, 90 சதவீதத்திலேயே விட்டு விட்டு பீப் அடிக்கத் தொடங்கி, இலக்கை எட்டியதும் நீளமாக அடிக்கும். கிளிக் ரெஞ்ச் பழகியவர்கள் முதல் பீப்பிலேயே நிறுத்திவிடுகிறார்கள், எல்லா போல்ட்டும் பத்து இருபது சதவீதம் குறைவாக நிற்கிறது. விட்டு விட்டு வரும் சத்தம் "மெதுவாக இழு" என்பதற்கு, நீளமான சத்தம் "நிறுத்து" என்பதற்கு. இலக்கைத் தாண்டி இரண்டு மூன்று நி.மீ. போய்விட்டதாகத் திரை காட்டினால் சும்மா விடாதீர்கள், போல்ட்டைத் தளர்த்தி மறுபடி போடுங்கள்.

10. எக்ஸ்டென்ஷன், குரோஃபூட்

சாக்கெட்டுக்கு நேர்கோட்டில் நிற்கும் எக்ஸ்டென்ஷன் கம்பி எவ்வளவு நீளமானாலும் அளவை மாற்ற வேண்டாம், ரெஞ்ச் சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும். வளைந்து கொடுக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் வேண்டாம், கோணம் கூடக் கூட அளவு மாறும்.

குரோஃபூட் என்பது ரெஞ்சின் சதுர முனையில் மாட்டும் குட்டி ஸ்பேனர் தலை. ரெஞ்சின் நீளத்தைக் கூட்டும் அதை நேராக மாட்டினால் கணக்குப் போட்டாக வேண்டும். வேண்டிய டார்க்கை ரெஞ்சின் நீளத்தால் பெருக்கி, மொத்த நீளத்தால் வகுக்க வேண்டும். சதுர முனையிலிருந்து கைப்பிடி நடு வரை 400 மி.மீ., குரோஃபூட் 40 மி.மீ. என்றால் 100 நி.மீ. வேண்டும்போது 100 × 400 ÷ 440, அதாவது 91 வைக்க வேண்டும். குரோஃபூட்டை 90 டிகிரி பக்கவாட்டில் மாட்டினால் கணக்கே தேவையில்லை, இடம் இருந்தால் அப்படியே மாட்டிவிடுங்கள். இரு வகை ரெஞ்சுக்கும் இது ஒன்றுதான்.

11. வேலை முடிந்த பிறகு

கிளிக் ரெஞ்சை அதன் குறைந்தபட்ச அளவுக்கு இறக்கி வையுங்கள். 100-இலேயே மாதக்கணக்கில் விட்டால் ஸ்பிரிங் அந்த அழுத்தத்திலேயே தளர்ந்து, பிறகு குறைவான டார்க்கிலேயே கிளிக் ஆகும். குறைந்தபட்ச அளவுக்கும் கீழே முழுதாகத் திருகிக் கழற்றிவிடவும் கூடாது, உள்ளே இருக்கும் கட்டை இடம் மாறிவிடும். டிஜிட்டலில் ஸ்பிரிங் கவலை இல்லை, பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் கார் டிக்கியில் பேட்டரியோடு போட்டு வைத்தால் கசிந்து உள்ளே அரித்துவிடும்.

ரெஞ்ச் கீழே விழுந்தாலோ, சந்தேகம் வந்தாலோ வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வைஸில் ஒரு பெரிய போல்ட்டைப் படுக்கை வசமாக, தலை உங்களைப் பார்க்க, அசையாமல் பிடிக்கச் செய்யுங்கள். ரெஞ்சை மாட்டினால் கைப்பிடி வலது பக்கம் தரைக்கு இணையாக நிற்க வேண்டும், அப்போதுதான் கீழே இழுக்கும் சுமை கடிகாரச் சுற்றில் வேலை செய்யும். 80 நி.மீ. வைத்து, கைப்பிடியின் நடுவில் கயிறு கட்டி காலியான 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள், உங்கள் காலை கேனுக்கு அடியில் வைக்காதீர்கள். கிளிக் ஆனதும் ஊற்றுவதை நிறுத்தி, கேனைத் தராசில் எடை போடுங்கள். சுமையைத் தலைப் பக்கம் நகர்த்தி நகர்த்திப் பார்க்கும் முறையும் உண்டு, ஆனால் பிடிக்கும் இடம் மாறினால் கிளிக் ரெஞ்சின் அளவே மாறும் என்பதால் தண்ணீரை மாற்றுவதுதான் சரி.

கணக்கு: கேனின் எடை (கிலோ) × 9.81 × தூரம் (மீட்டர்), அதோடு ரெஞ்சின் சொந்த எடை தரும் டார்க். ரெஞ்ச் 1.4 கிலோ, அதை விரலில் சமநிலையாக நிறுத்தினால் நிற்கும் புள்ளி சதுர முனையிலிருந்து 20 செ.மீ. என்றால் அது மட்டுமே 2.7 நி.மீ. தருகிறது. கைப்பிடி நடு 42 செ.மீ. தூரத்தில் இருந்தால் கேன் 18.75 கிலோ ஆகும்போது கிளிக் வர வேண்டும். 18-இலிருந்து 19.5 கிலோவுக்குள் வந்தால் ±4% வரம்புக்குள் இருக்கிறது. டிஜிட்டலுக்கும் இதே ஏற்பாடுதான், கேனைத் தொங்கவிட்டதும் திரையில் உள்ள எண்ணைப் பார்த்தால் முடிந்தது. மாட்டிய பிறகு ஆன் செய்யாமல் படுக்க வைத்து ஆன் செய்து மாட்டியிருந்தால் ரெஞ்சின் சொந்த எடையும் அந்த எண்ணில் சேர்ந்திருக்கும்.

இந்தச் சோதனையால் ரெஞ்ச் மோசமாகப் போயிருந்தால் கண்டுபிடிக்கலாம், மிகச் சரியாக இருக்கிறது என்று நிரூபிக்க முடியாது. அதற்கு அளவுச் சோதனைக் கூடம்தான். ஐஎஸ்ஓ 6789 சொல்லும் பொதுவான இடைவெளி 12 மாதம் அல்லது 5000 முடுக்கல், எது முதலில் வருகிறதோ அது. வீட்டு வேலைக்கு 5000 எல்லாம் வராது, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவையும், கீழே விழுந்த பிறகும் காட்டினால் போதும் என்பது என் கருத்து. சென்னை, கோவை, ஓசூர் மாதிரியான ஊர்களில் என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற கூடங்கள் உள்ளன. சான்றிதழில் உச்ச அளவின் 20, 60, 100 சதவீதம் ஆகிய மூன்று இடங்களிலும் கிடைத்த எண்கள் இருக்க வேண்டும். வெறும் "சரி" என்று முத்திரை குத்தித் தந்தால் வாங்காதீர்கள், எண்களைக் கேளுங்கள். உங்கள் ரெஞ்ச் 20 சதவீதத்தில் 5 சதவீதம் தப்பி, 60-இலும் 100-இலும் சரியாக இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வீல் நட்டுக்கு அதை வைத்துக்கொண்டு, டிரெயின் போல்ட்டுக்கு மட்டும் வேறு ரெஞ்ச் எடுக்கலாம்.